64 பக்கத் திட்டத்தில் இடம்பெறாத ஒரு நாள்

அளவுகோல் எழுதியது:

இந்த இணைய மன்றத்து நண்பர்களுக்கு வணக்கம். நானும் என் கூட்டாளியும் நான்கு மாதம் உட்கார்ந்து எழுதிய தொழில் திட்டத்தைப் போன வாரம் மறுபடியும் எடுத்துப் படித்தேன். எழுதி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. மொத்தம் 64 பக்கம். எது பலித்தது, எது பொய்த்தது என்று கையில் பென்சிலோடு ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். இப்போது திட்டம் எழுதிக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்று அந்தக் குறிப்புகளை இங்கே வைக்கிறேன்.

சிறிய ஆய்வகங்களில் உள்ள கருவிகளை மாதச் சந்தா முறையில் பராமரிப்பது எங்கள் தொழில். தராசு, நுண்ணோக்கி, சென்ட்ரிஃப்யூஜ், வெப்ப அறை போன்றவை. டெக்னீஷியன் ஒருவர் மாதம் ஒருமுறை ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் போய்க் கருவிகளைச் சுத்தம் செய்து, அளவு சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்து, சான்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்.

திட்டத்தில் சந்தையைப் பற்றி 19 பக்கம் இருந்தன. போட்டியாளர்களைப் பற்றி 11 பக்கம். மூன்று ஆண்டு வரவு செலவு அட்டவணை மாதவாரியாக இருந்தது. டெக்னீஷியனின் ஒரு நாள் வேலையைப் பற்றி எத்தனை பக்கம் இருந்தது தெரியுமா? ஒரே ஒரு வரி. "ஒரு டெக்னீஷியன் நாளொன்றுக்கு 4 இடங்களுக்குச் செல்வார்."

அந்த 4 எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எட்டு மணி நேர வேலை, இடத்துக்கு இரண்டு மணி நேரம், ஆக நான்கு. இருவரும் மேசையில் உட்கார்ந்து வகுத்த கணக்கு அது. ஒரு டெக்னீஷியனுடன் ஒரு நாள் முழுக்க நாங்கள் யாரும் சுற்றியதில்லை.

தொழில் தொடங்கிய பிறகு சராசரி இரண்டரைதான் வந்தது. வாசலில் பதிவு செய்து உள்ளே போக நேரம் ஆகிறது. போனால் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. பரிசோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். நுண்ணோக்கி விளக்கு எரிந்து போயிருக்கிறது. பையில் அந்த அளவு விளக்கு இல்லை. இன்னொரு நாள் வர வேண்டும். வேலை முடிந்தாலும் சான்றில் கையெழுத்திட வேண்டியவர் கூட்டத்தில் இருக்கிறார்.

நாலுக்கும் இரண்டரைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக அலகு என்றே எழுதுகிறேன். வாடிக்கையாளர் மாதம் 10 அலகு தருகிறார். ஒரு டெக்னீஷியனுக்குச் சம்பளம், பயணம், உதிரிப் பொருள் எல்லாம் சேர்த்து மாதம் 500 அலகு செலவு. மாதத்தில் 22 வேலை நாள். நாளுக்கு 4 இடம் என்றால் 88 வாடிக்கையாளர், 880 வரவு, 380 மிச்சம். நாளுக்கு இரண்டரை என்றால் 55 வாடிக்கையாளர், 550 வரவு, 50 மிச்சம்.

அலுவலகம், மென்பொருள், எங்கள் இருவரின் சம்பளம் ஆகியவற்றுக்கு மாதம் 1900 அலகு வேண்டும். முதல் கணக்கின்படி 5 டெக்னீஷியன்களும் 440 வாடிக்கையாளர்களும் இருந்தால் கையைக் கடிக்காது. இரண்டாம் கணக்கின்படி 38 டெக்னீஷியன்களும் 2090 வாடிக்கையாளர்களும் வேண்டும். ஒரே ஓர் எண் மாறியதும் அது வேறொரு தொழிலாகவே ஆகிவிட்டது! 19 பக்கச் சந்தை ஆய்வில் எந்த வரியைத் திருத்தியிருந்தாலும் இப்படி ஒரு மாற்றம் வந்திருக்காது.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் "வாடிக்கையாளர் போதவில்லை, இன்னும் விளம்பரம் செய்வோம்" என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். திட்டம் எங்கள் கண்களை வாடிக்கையாளர் எண்ணிக்கையின் பக்கமே திருப்பி வைத்திருந்தது. இதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. எழுதாமல் இருந்திருந்தால்கூடச் சுற்றும் முற்றும் பார்த்திருப்போமோ என்னவோ.

மற்றவர்களின் அனுபவத்தை அறிய ஆவலாக இருக்கிறேன்.

பேரேடு எழுதியது:

அளவுகோல் அவர்களுக்கு நன்றி. பதினைந்து ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். நீங்கள் சொன்னதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. உங்கள் திட்டத்தில் பணம் எப்போது கைக்கு வரும் என்று தனியாக எழுதியிருந்தீர்களா? நான் பார்த்த திட்டங்களில் பெரும்பாலானவை விற்ற மாதத்திலேயே பணம் வந்துவிட்டதாக எழுதுகின்றன.

உங்கள் எண்களை ஒட்டியே ஒரு கணக்கு போடுகிறேன். மாதம் 20 புதிய வாடிக்கையாளர் சேர்கிறார்கள். ஒருவருக்கு மாதம் 10 அலகு பில். அவருக்குச் சேவை தர 6 அலகு செலவு. செலவை அந்த மாதமே கொடுத்துவிட வேண்டும். பில் தொகை இரண்டு மாதம் கழித்து வருகிறது. முதல் மாதம் 120 போகிறது, எதுவும் வரவில்லை. இரண்டாம் மாதம் 240 போகிறது. மூன்றாம் மாதம் 360 போகிறது, 200 வருகிறது. நான்காம் மாதம் 480 போகிறது, 400 வருகிறது. ஐந்தாம் மாதம் வரவும் செலவும் 600, சரிக்குச் சரி.

நான்கு மாத முடிவில் லாப நட்டக் கணக்கு 800 அலகு லாபம் காட்டும். அதே நாளில் பணப்பெட்டியில் 600 அலகு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் முழுதாக நிரம்ப ஒன்பதாம் மாதம் ஆகிவிடும். லாபத்தில் ஓடும் நிறுவனம் சம்பளம் கொடுக்க முடியாமல் நிற்பது இப்படித்தான்.

மாதம் 20க்குப் பதில் 40 பேர் சேர்ந்தால் மகிழ்ச்சி அடைவோம் அல்லவா? பள்ளம் 1200 ஆகிவிடும். வாடிக்கையாளர்கள் இரண்டு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் கழித்துக் கொடுத்தால், 20 பேர் கணக்கிலேயே பள்ளம் 1360 வரை போகும். ஒரு மாதத் தாமதம் பள்ளத்தை இரண்டு மடங்குக்கும் மேல் ஆழமாக்குகிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம். காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எனக்கு இது தெரிந்த கணக்குதான். ஆனாலும் ஒவ்வொரு முறை போடும்போதும் வயிறு கலங்கும்.

அளவுகோல் எழுதியது:

பேரேடு ஐயா, எழுதவில்லை. "பில் அனுப்பிய 30 நாளில் பணம் வரும்" என்று ஒரு வரி இருந்தது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நடைமுறையில் 75 நாள் ஆனது. பெரிய வாடிக்கையாளர்கள்தான் அதிகம் தாமதித்தார்கள். அவர்களைப் பிடித்த நாளில் நாங்கள் கொண்டாடினோம்.

ஒருபக்கம் எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்ல விரும்புகிறேன். கோபிக்க வேண்டாம்.

நான்கு மாதம் திட்டம் எழுதியதே தவறு என்பது என் உறுதியான எண்ணம். அந்த நான்கு மாதத்தில் நான்கு வாடிக்கையாளரைப் பிடித்து வேலையைத் தொடங்கியிருந்தால், இரண்டரை என்ற எண் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். 1968இல் இன்டெல் என்ற கணினிச் சில்லு நிறுவனத்தைத் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் தட்டச்சு செய்த திட்டம் ஓரிரு பக்கத்துக்குள் அடங்கியது. அதை வைத்தே 25 லட்சம் டாலர் திரட்டினார்கள். பின்னாளில் அந்த நிறுவனத்துக்குப் பெரும்புகழ் தந்த, கணினியின் மூளையான மைக்ரோபிராசசர் அப்போது யார் மனத்திலும் இல்லை. கால்குலேட்டர் செய்யும் ஒரு நிறுவனம் கேட்டு வந்ததால் 1971இல் பிறந்தது அது. தொடக்கத்தில் அவர்கள் நம்பியிருந்த நினைவகச் சில்லுத் தொழிலை 1985இல் கைவிட்டார்கள். எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று. பிறகு எதற்கு 64 பக்கம்?

நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும்.

இரண்டாம்சுற்று எழுதியது:

ஒருபக்கம் அவர்களே, நீங்கள் சொன்ன இன்டெல் கதை உண்மை. அதன் முன்பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாய்ஸும் அவரோடு இன்டெலைத் தொடங்கிய கார்டன் மூரும் 1957இலேயே ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் இருவர். சில்லு தயாரிப்பதில் எவ்வளவு வீணாகும், எந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் பதினோரு ஆண்டு அனுபவத்தில் அவர்களுக்குத் தெரியும். இன்டெலுக்குப் பணம் திரட்டித் தந்த ஆர்தர் ராக், 1957இல் ஃபேர்சைல்டுக்கு முதலீட்டாளர் தேடிக்கொடுத்தவர். ஆக, அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னால் பதினோரு ஆண்டுகள் இருந்தன. புதிதாக ஒரு துறைக்குள் நுழைகிற நமக்கு அது இல்லை. அனுபவம் இல்லாதவர் அந்த இடத்தை விசாரித்தும் அளந்தும்தான் நிரப்ப முடியும்.

"இறங்கினால் தெரிந்துவிடும்" என்பதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எவ்வளவு ஆழத்தில் இறங்குகிறோம் என்பது முக்கியம். வெப்வேன் என்ற இணைய மளிகை நிறுவனம் 1999 ஜூனில் சேவையைத் தொடங்கியது. அடுத்த மாதமே 26 கிடங்குகள் கட்டுவதற்கு 100 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் மூடப்பட்டது. அவர்களும் தண்ணீரில் இறங்கியவர்கள்தான். முதல் கிடங்கில் ஒரு பெட்டியை நிரப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று பொறுத்திருந்து பார்க்காமல் அகலக் கால் வைத்துவிட்டார்கள்.

விமானத்தில் பொதிகளை விரைவாகக் கொண்டுசேர்க்கும் ஃபெடெக்ஸ் நிறுவனம் இதற்கு வேறு வகை உதாரணம். 1973 ஏப்ரல் 17 இரவு 14 விமானங்கள் 25 நகரங்களுக்காகப் பறந்தன. அன்று சேர்ந்த பொதிகள் மொத்தம் 186. அந்தத் தொழிலைச் சிறியதாகத் தொடங்கிப் பார்க்கவே முடியாது. எல்லா ஊர்ப் பொதியும் ஒரே மையத்துக்கு வந்து பிரிந்து போக வேண்டும் என்றால் முதல் நாளே வலை முழுதாக இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட தொழிலுக்கு நீண்ட திட்டம் கட்டாயம். அளவுகோல் அவர்களின் தொழிலை ஒரே ஒரு டெக்னீஷியனுடன் தொடங்கிப் பார்த்திருக்கலாம். எனவே எத்தனை பக்கம் எழுதலாம் என்பதற்கு முன் "இதைச் சிறிய அளவில் செய்து பார்க்க முடியுமா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது எனக்கு இரண்டாவது நிறுவனம். முதலாவதில் நான் செய்த தவறு வேறு. திட்டம் எழுதினேன், அச்சிட்டேன், அலமாரியில் வைத்தேன். ஓர் ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தபோது அதில் இருந்த ஊகங்களில் பாதி எப்போதோ காலாவதியாகியிருந்தன. இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசிக்கு நேர்ந்ததும் இதுவே. 1987இல் உருவான யோசனை. 66 செயற்கைக்கோள்களை வைத்து 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. அதற்குள் சாதாரணக் கைப்பேசி உலகமெங்கும் பரவிவிட்டது. 1999 ஆகஸ்டில் திவால் மனு. பொறியியல் பிரமாதமாக வேலை செய்தது. "வெளியூர் போகும் வணிகருக்கு வேறு தொலைபேசி கிடைக்காது" என்ற ஊகம்தான் பதினோரு ஆண்டில் உளுத்துப்போனது.

இந்த முறை என் திட்டத்தில் ஒவ்வோர் ஊகத்துக்கும் பக்கத்தில் ஒரு தேதி எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தேதியில் அதைத் திரும்பச் சோதிக்க வேண்டும். வேறு எந்த மாற்றமும் எனக்கு இவ்வளவு பயன் தரவில்லை.

கோப்புவாசகர் எழுதியது:

கடன் கொடுக்கும் இடத்தில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தேன். திட்டங்களைப் படிப்பதே என் பணி. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

நாங்கள் முதலில் புரட்டுவது அட்டவணையை. அதிலும் கடைசி ஆண்டின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. வளர்ச்சி விகிதம் எந்தப் பெட்டியில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவோம். மாதம் 10 சதவீத வளர்ச்சி என்று எழுதினால் ஓராண்டில் 3.1 மடங்கு, மூன்றாண்டில் 31 மடங்கு. அந்த 10ஐ 15 ஆக்கினால் மூன்றாண்டில் 153 மடங்கு. எக்செல்லில் ஒரு பெட்டியில் ஓர் எண்ணை மாற்றுவது அரை நொடி வேலை. அந்த 15க்குப் பின்னால் எத்தனை விற்பனையாளர், ஒருவர் வாரத்துக்கு எத்தனை பேரைச் சந்திக்கிறார், பத்துப் பேரில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வேன். எழுதாவிட்டால் அது விருப்பம், அவ்வளவே.

அடுத்தது, "மொத்தச் சந்தையில் வெறும் 1 சதவீதம் கிடைத்தால் போதும்" என்ற வாக்கியம். அடக்கமாகத் தோன்றும். அந்த 1 சதவீதத்தில் முதல் ஆள் யார், அவர் எதற்காக உங்களிடம் வருகிறார் என்று கேட்டால் பதில் இருக்காது. 2001இல் அறிமுகமான, நின்றபடியே ஓட்டும் செக்வே இருசக்கர வண்டியை நினைத்துப் பாருங்கள். உலகில் நடக்கும் மனிதர் அனைவரும் சந்தை. வாரத்துக்கு 10,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2006இல் ஒரு குறைபாட்டுக்காக அதுவரை விற்ற வண்டிகள் எல்லாவற்றையும் திரும்ப அழைத்தபோது அவை சுமார் 23,500தான்.

"எங்களுக்குப் போட்டியே இல்லை" என்பதும் அப்படித்தான். எப்போதும் ஒரு போட்டி உண்டு: மக்கள் இப்போது செய்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து செய்வது. அளவுகோல் அவர்களே, உங்கள் 11 பக்கப் போட்டியாளர் பட்டியலில் "கருவி பழுதானால் மட்டும் ஆளைக் கூப்பிடும் ஆய்வகம்" இருந்ததா?

நான் திட்டங்களை நிராகரித்ததற்குக் காரணம் பெரும்பாலும் எண்கள் குறைவாக இருந்தது அல்ல. கேள்வி கேட்டால் எழுதியவருக்கே விடை தெரியாது. வேறு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க மிகவும் வருத்தமாக இருக்கும். நல்ல யோசனையாகக்கூட இருந்திருக்கும்.

அளவுகோல் எழுதியது:

கோப்புவாசகர் ஐயா, இல்லை. நீங்கள் சொன்ன அந்தப் போட்டி எங்கள் பட்டியலில் இல்லை. எங்களிடமிருந்து விலகிய வாடிக்கையாளர்களில் ஏறக்குறைய எல்லாரும் பழுதானால் மட்டும் ஆளைக் கூப்பிடும் அந்த வழக்கத்துக்குத்தான் போனார்கள். வேறு நிறுவனத்துக்குப் போனவர் இருவர் மட்டுமே.

விலகுபவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சந்தாத் தொழிலில் இறங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திட்டத்தில் மாதம் 1 சதவீதம் பேர் விலகுவார்கள் என்று எழுதினோம். நடந்தது 5 சதவீதம். மாதம் 5 என்றால் சிறிய எண்போல் இருக்கிறது. இன்று சேர்ந்த 100 பேரில் ஓராண்டு கழித்து 54 பேர்தான் மிஞ்சுவார்கள். 1 சதவீதமாக இருந்திருந்தால் 89 பேர் இருந்திருப்பார்கள். வாளியின் ஓட்டையை அடைக்காமல் மேலும் மேலும் ஊற்றினோம்.

நான்காம்பங்கு எழுதியது:

யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வந்தேன். கூட்டாளிகளுக்குள் எழுதிக்கொள்ளும் பக்கம்.

நாங்கள் நான்கு பேர் ஆளுக்குக் கால் பங்கு என்று எழுதி, முதல் நாளே பங்குகளைப் பிரித்துக்கொண்டோம். நண்பர்கள்தானே என்று வேறு நிபந்தனை எதுவும் இல்லை. ஏழாம் மாதம் ஒருவர் குடும்பச் சூழ்நிலையால் விலகினார். அவர்மீது எந்தக் குறையும் இல்லை. ஆனால் கால் பங்கு அவரிடமே இருந்தது. அடுத்த மூன்று ஆண்டு நாங்கள் மூவரும் உழைத்த உழைப்பில் நாலில் ஒன்று, அங்கே இல்லாத ஒருவருடையது. முதலீட்டாளர் இருவர் இதைக் கண்டே பின்வாங்கினர். இன்று நாங்கள் நால்வரும் பேசிக்கொள்வதில்லை.

பங்குகள் நான்கு ஆண்டில் சிறிது சிறிதாகச் சேர வேண்டும், முதல் ஆண்டு முடியும் முன் போனால் எதுவும் கிடையாது என்பது பரவலாக உள்ள ஏற்பாடு. எங்களுக்கு அது தெரியும். கேட்கக் கூச்சப்பட்டோம். கேட்டிருந்தால் நட்பு கெட்டுவிடும் என்று பயந்தோம். கேட்காததால்தான் கெட்டது.

முதல்படி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையை மூன்று முறை படித்தேன். நான் இப்போதுதான் திட்டம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை ஒலி வடிவில் தயாரித்துக் கல்வி நிறுவனங்களுக்குச் சந்தா முறையில் தருவது என் எண்ணம். என் தம்பிக்குப் பார்வை இல்லை; அவனுக்காகப் படித்துப் பதிவு செய்யத் தொடங்கியதில் பிறந்த யோசனை.

இதுவரை 30 பக்கம் எழுதியிருக்கிறேன். அளவுகோல் அண்ணா சொன்னதைப் படித்த பிறகு என் திட்டத்தில் அப்படிப்பட்ட ஒற்றை வரி எது என்று தேடினேன். "ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு 3 மணி நேர உழைப்பு" என்று இருக்கிறது. அதை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டுமா, அல்லது வாங்குவார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டுமா?

இரண்டாம்சுற்று எழுதியது:

எந்த எண் தவறினால் மற்ற எல்லாம் சரிந்துவிடுமோ, அதில் தொடங்குங்கள் தங்கை. ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை பாதியாக்கிப் பாருங்கள், ஒருமுறை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். எதை மாற்றும்போது கடைசி வரி தலைகீழாகிறதோ அதுவே உங்கள் எண். ஒரு மாலை நேர வேலைதான்.

ஒருபக்கம் எழுதியது:

இன்டெல் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். அந்தப் பதினோரு ஆண்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

என் கருத்தின் மையம் மட்டும் மாறவில்லை. முதல்படி அவர்கள் 30 பக்கம் எழுதிய பிறகுதான் அந்த 3 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். முதல் பக்கத்தில் அந்தக் கேள்வி வந்திருந்தால் மீதி 29 பக்கம் வேறாக இருந்திருக்கும். தம்பிக்காக இதுவரை செய்த பதிவுகளிலேயே விடை இருக்குமே! எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு பாடத்தைக் கடிகாரம் வைத்து முழுதாகச் செய்யுங்கள்.

பேரேடு எழுதியது:

ஒருபக்கம் அவர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் நானும் வழிமொழிகிறேன். கடிகாரத்தோடு இன்னொன்றும் பாருங்கள் அம்மா: கல்வி நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நிதி ஒதுக்குவார்கள். நீங்கள் பாடநூலைத் தயாரிக்கும் மாதமும் அவர்கள் பணம் கொடுக்கும் மாதமும் வெகு தொலைவில் இருக்கலாம். முன்பணம் கேட்க முடியுமா என்று இப்போதே விசாரியுங்கள்.

இரண்டாம்சுற்று எழுதியது:

இன்னொரு பக்கமும் எழுதுங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறேன்: எப்போது நிறுத்துவது. கையில் எவ்வளவு பணம் மீதம் இருக்கும்போது, எந்த எண் எவ்வளவுக்கு உயராவிட்டால், இந்த வழியை விட்டுவிடுவோம் என்று மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்திட வேண்டும். என் முதல் நிறுவனத்தில் அந்தப் பக்கம் இல்லை. "அடுத்த மாதம் திரும்பிவிடும்" என்று பதினான்கு மாதம் சொன்னேன். கடைசியில் ஊழியர்களுக்கு ஒரு மாதச் சம்பளம்கூடச் சேர்த்துக் கொடுக்க முடியாமல் மூடினேன். அது இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

டைனி ஸ்பெக் என்ற நிறுவனம் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை நடத்தியது. ஆட்கள் போதுமான அளவு வரவில்லை என்று 2012இல் நிறுத்திவிட்டார்கள். அப்போது முதலீட்டுப் பணம் மீதம் இருந்தது. தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்கள் செய்துவைத்திருந்த கருவியை அந்த மீதத்தில் வளர்த்தெடுத்தார்கள், அதுதான் ஸ்லாக் என்ற அலுவலகச் செய்திச் செயலி. பணம் தீர்ந்த பிறகு நிறுத்தியிருந்தால் அந்தக் கருவியும் சேர்ந்து புதைந்திருக்கும்.

கோப்புவாசகர் எழுதியது:

நிறுத்தக் கோடு பற்றி எழுதியிருந்த திட்டங்கள் என் ஒன்பது ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கடன் கேட்க வருபவர் தோல்வியைப் பற்றி எழுதினால் நம்பிக்கை இல்லாதவர் என்று நினைப்பார்களோ என அஞ்சுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை நேர்மாறு. அந்தப் பக்கம் இருந்த திட்டங்களை மேலதிகாரியிடம் நானே வாதாடி எடுத்துச் சென்றிருக்கிறேன். எல்லா இடத்திலும் எல்லாரும் அப்படிப் பார்ப்பார்கள் என்று உறுதி தர முடியாது. அச்சமாக இருந்தால் வெளியாருக்குக் கொடுக்கும் பிரதியில் சேர்க்காமல் உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல் எழுதியது:

இதில் நான் ஐயாவோடு வேறுபடுகிறேன். வெளியாருக்கு ஒரு பிரதி, நமக்கு ஒரு பிரதி என்று ஆரம்பித்தால், வெளியாருக்கு எழுதியதையே நாளடைவில் நாமும் நம்பத் தொடங்கிவிடுகிறோம். எங்களுக்கு நடந்தது அதுதான். கூட்டாளியும் நானும் தொடக்கத்தில் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தோம். அதில் டெக்னீஷியன் நாளுக்கு 3 இடம் என்று இருந்தது. முதலீட்டாளருக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று, முதலில் நான் சொன்ன அந்த எட்டு மணி நேர வகுத்தலைப் போட்டு 4 ஆக்கினோம். மூன்று மாதம் அந்த 4ஐச் சொல்லிச் சொல்லி, 3 என்று எழுதியதே மறந்துபோய்விட்டது.

இப்போது எங்கள் நிலை என்ன என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். ஒரு வாரம் டெக்னீஷியனோடு நானே சுற்றினேன். முந்தைய நாளே ஆய்வகத்துக்குச் செய்தி அனுப்பிக் கருவி ஓய்வாக இருக்கும் நேரத்தைக் கேட்டு வைப்பது, அருகருகே உள்ள ஆய்வகங்களை ஒரே நாளில் சேர்ப்பது, அடிக்கடி பழுதாகும் 30 பொருள்களைப் பெட்டியில் எப்போதும் வைத்திருப்பது. செய்தது இவ்வளவுதான். இப்போது சராசரி மூன்றரை. அதன்படி 77 வாடிக்கையாளர், 270 மிச்சம், ஏழு டெக்னீஷியன்கள் இருந்தால் 1890, அதாவது எங்களுக்கு வேண்டிய 1900க்கு மிக அருகில். இன்று ஆறு பேர் இருக்கிறார்கள். அந்தப் பொருள்களின் பட்டியலைத் தந்தது நாங்கள் அல்ல, முதலில் சேர்ந்த டெக்னீஷியன். திட்டம் எழுதும்போது அவரைப்போல ஒருவரிடம் பேசியிருந்தால் முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பார்.

முதல்படி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும். கடிகாரம் வைத்து இரண்டு பாடங்களை முழுதாகச் செய்தேன்.

வரலாற்றுப் பாடம்: ஒரு மணி நேர ஒலிக்கு 3 மணி 50 நிமிடம். அறிவியல் பாடம்: ஒரு மணி நேர ஒலிக்கு 9 மணி 20 நிமிடம். படிப்பதற்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆனது. அறிவியலில் நேரத்தை விழுங்கியது படங்கள். இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தைக் கண்ணால் பார்க்காத ஒருவருக்குச் சொல்லால் விளக்க நான்கு முறை எழுதினேன். நான்காவது முறைதான் தம்பிக்குப் புரிந்தது. என் 30 பக்கத்தில் "படம்" என்ற சொல்லே இல்லை.

இரண்டாம்சுற்று அக்கா சொன்னபடி எண்களைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் பார்த்தேன். இந்த ஓர் எண்தான் எல்லாவற்றையும் புரட்டுகிறது. 9 மணி நேரம் என்றால் நான் நினைத்த சந்தாவில் அறிவியல் நூல் செய்யவே முடியாது. ஆனால் தம்பிக்கு மிகவும் தேவைப்படுவது அறிவியல்தான். வரலாற்றுப் பாடத்தைத் திரைவாசிப்பு மென்பொருள் வழியாகவே எப்படியோ படித்துக்கொள்கிறானாம்.

அளவுகோல் எழுதியது:

தங்கை, இரண்டு கேள்விகள். அந்த 9 மணி 20 நிமிடத்தில் படங்களுக்கு மட்டும் எவ்வளவு போனது? வெவ்வேறு பதிப்பகங்களின் அறிவியல் நூல்களில் அதே இதயப் படமும் அதே செல் படமும் திரும்பத் திரும்ப வருமே. ஒருமுறை எழுதிய விளக்கத்தை இன்னொரு நூலுக்குப் பயன்படுத்த முடியுமா?

முதல்படி எழுதியது:

படங்களுக்கு மட்டும் 5 மணி 30 நிமிடம், அண்ணா. இரண்டாவது கேள்விக்கு விடை தெரியவில்லை. என்னிடம் மூன்று பதிப்பகங்களின் நூல்கள் இருக்கின்றன. இன்று இரவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொதுவான படங்களை எண்ணப் போகிறேன்.